மோச்சியின் பால்

இரண்டாவது குட்டி காலையிலிருந்து பால் புட்டியை வாயில் வாங்கவே இல்லை. ஆனால் தராசில் அது நேற்றைவிட முப்பது கிராம் கூடியிருந்தது.

ரீத்தா குட்டியைத் தூக்கிவிட்டு, தராசின் தட்டைத் துணியால் துடைத்து, எண் பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே முப்பது. கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு அது. இதுவரை அவளை ஏமாற்றியதில்லை. உள்ளங்கையில் அடங்கிய அந்த நீலச் சாம்பல் உருண்டை, கண் திறக்காத தன் சப்பை முகத்தை அவள் கட்டைவிரலில் உரசிவிட்டுச் சின்னதாக ஒரு கொட்டாவி விட்டது. கொட்டாவியில் பால் வாசம் வந்தது. டின்னில் வரும் மாவுப் பாலின் வாசம் அவளுக்குத் தெரியும். அதில் ஒரு தகர நெடி இருக்கும். இது வேறு. வெதுவெதுப்பாக, லேசான இனிப்போடு, மழையில் நனைந்த ரோமத்தின் வாடையும் கலந்து வந்த வாசம்.

மற்ற நான்கையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். நான்கும் எடை கூடியிருந்தன. வயிறுகள் விண்ணென்று இருந்தன. காலை ஆறு மணிக்கு அவள் கலக்கிவைத்த ஐந்து புட்டிகளும் மேசைமேல் கழுத்துவரை நிறைந்து, ஆடை படிந்து, அப்படியே நின்றன.

குட்டிகளின் தாய் மோச்சி செத்து மூன்று நாளாகியிருந்தது.

"ஷர்மைன்!"

பத்து வயது மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் இன்ஹேலர்.

"நீ குட்டிங்களுக்குப் பால் குடுத்தியா?"

"இல்லம்மா. நீங்கதான ஸ்டோர் ரூம் பக்கமே வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

"அம்மா திட்ட மாட்டேன். உண்மையச் சொல்லு."

"ப்ராமிஸ்மா. தொடவே இல்ல."

அழுது வீங்கிய கண்கள். அந்தக் கண்களில் பொய் இல்லை. ரீத்தா புட்டிகளைத் தொட்டியில் கொட்டினாள். தூக்கம் இல்லாத மூன்று நாள்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுத்ததில் எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்று தனக்கே குழம்பிவிட்டதாகத் தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

வெளியே புகைமூட்டம் ஒன்பதாவது நாளாகக் கலையாமல் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் எங்கோ காடு எரிய, அந்தச் சாம்பல் மிதந்துவந்து உலு திராமின் டெரஸ் வீடுகளின்மேலும் அவற்றுக்குப் பின்னாலிருந்த செம்பனைகளின்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். நடுப்பகலிலும் தெருவிளக்கு எரிந்தது. அவள் கணவன் ஜோனதன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். இந்தப் புகையில் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடக்க முடியாமல் அங்கேயே நண்பனின் அறையில் தங்கிவிட்டான். ஷர்மைனுக்கு இழுப்பு என்பதால் ரீத்தா எல்லாச் சன்னல்களையும் அடைத்து, கதவிடுக்குகளில் ஈரத்துண்டு செருகியிருந்தாள். அடைத்த வீட்டில் ஓசைகள் வெளியேற வழியில்லாமல் காதோரமே தங்கின. ஃப்ரிட்ஜின் உறுமல், குழாயில் சொட்டும் தண்ணீர், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ மலாயில் செய்தி வாசிப்பது, எல்லாம் ஒரே அறைக்குள் நடப்பதுபோல் இருந்தது.

அன்று மதியம் அவற்றோடு இன்னோர் ஓசையும் சேர்ந்தது.

ரீத்தா சோபாவில் கண்ணயர்ந்திருந்தாள். மூச்சிரைப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து மகளின் அறைக்கு ஓடினாள். ஷர்மைன் கட்டிலில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வாயை மூடி, மூக்கால் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ரீத்தா அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது.

அப்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வீட்டின் பின்பக்கத்திலிருந்து. ஈரக் கட்டையை ரம்பத்தால் இழுப்பதுபோல் ஒரு நீண்ட இழுப்பு; தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்வதுபோல் ஒரு நிறுத்தம்; பிறகு ஒரு செருமலோடு வெளியேறும் காற்று. மறுபடி இழுப்பு. மறுபடி நிறுத்தம்.

"கேக்குதாம்மா?" என்றாள் ஷர்மைன், வரைவதை நிறுத்தாமல்.

"ஃப்ரிட்ஜ் சத்தம்லா அது. பழசாயிருச்சு."

ஆறு வருடம் இந்த வீட்டில் கேட்ட மூச்சு அது. யாருக்கும் ஓசையாகவே படாத அளவுக்குப் பழகிப்போன மூச்சு. மோச்சி பிரெஞ்சு புல்டாக். வௌவால் காதும் பிதுங்கிய கண்ணும் முகத்துக்குள் அழுந்திப்போன மூக்குமாக, ஷர்மைனுக்கு நான்கு வயதானபோது ஓர் அட்டைப்பெட்டியில் வந்தவள். குழந்தை அவள் குறட்டையைக் கேட்டுத்தான் தூங்கப் பழகினாள். அது செல்லமான ஓசை என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அது குறட்டை இல்லை, விழித்திருக்கும்போதும் அவளுக்கு மூச்சு போதாமல் வரும் சத்தம் என்று கால்நடை மருத்துவர் சுகுமாறன்தான் முதல்முறை சொன்னார். "மனுசங்க அழகுக்காகச் செஞ்சு வச்ச மூஞ்சி இது, அக்கா. ஒரு ஸ்ட்ராவ வாயில வச்சு, மூக்கப் பொத்திக்கிட்டு, நாள் முழுக்க அது வழியாவே மூச்சு விட்டுப் பாருங்க. அப்பப் புரியும்."

ரீத்தாவுக்கு அது புரியாமல் இல்லை. சாஆ என்ற ஊரின் தோட்டத்தில் வளர்ந்த சின்ன வயதில் அவளும் ஒரு நாய் வைத்திருந்தாள். செவலை என்று பேர், எந்த ஜாதி என்று யாரும் கேட்டதில்லை. நீண்ட மூக்கோடு, ஒல்லியாக, லயத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வயிற்றில் தலை வைத்து மதியம் முழுக்கப் படுத்திருக்கிறாள். அது மூச்சு விட்ட சத்தத்தை ஒருநாளும் கேட்ட நினைவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தானே குழி தோண்டி, தானே ஏழு குட்டி போட்டு, தானே கொடியைக் கடித்து, நக்கிக் காயவைத்துவிட்டு, மறுநாள் காலை எதுவும் நடக்காததுபோல் வந்து சோற்றுக்கு நின்றது.

மோச்சியால் அது முடியாது. குட்டிகளின் தலை பெரிது, அவள் இடுப்பு சிறிது. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். மூன்றாம் முறை கீறியபோதே டாக்டர் போதும் என்றார். ரீத்தா தலையாட்டிவிட்டு வந்தாள். நீலச் சாம்பல் நிறத்துக்கு ஆள்கள் காத்துக்கிடந்தார்கள். அந்த நிறம் தவறாமல் விழ வேண்டும் என்பதற்காக நான்காம் முறை மோச்சியை அவள் பெற்ற மகனோடே சேர்த்தாள். ஊசிக்குழாயால்தான், வலியில்லாமல். நாய்க்கு அதெல்லாம் என்ன தெரியும் என்று ஜோனதனிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை ஸ்டோர் கதவைத் திறந்தபோது குட்டிகள் பெட்டியில் இல்லை.

அறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குட்டிகளின் சூட்டுக்காக. அந்த வெளிச்சத்தில் முதலில் அவளுக்குத் தெரிந்தது வெறும் பெட்டியும் கசங்கிய துணியும்தான். பிறகு சுவரோரம் பார்த்தாள். ஒரு வாரக் குட்டிகள், கண் தெரியாத, நிற்கத் தெரியாத குட்டிகள், பெட்டியின் ஒரு முழ உயரப் பலகையைத் தாண்டி வந்து, வெறும் தரையில், சுவரைப் பார்த்தபடி வரிசையாகப் படுத்திருந்தன. ஐந்தும் ஒட்டி ஒட்டி. ஐந்தின் வால்முனையும் துடித்துக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் மாறி மாறிக் காற்றைப் பிசைந்தன. பிசையும் இடத்தில் பாதங்கள் எதிலோ அமிழ்ந்து மீள்வதுபோல் விரல்கள் விரிந்து குவிந்தன.

தலையைத் தூக்கத் தெரியாத வயது. ஐந்து தலைகளும் தரைக்கு ஒரு கையகலம் மேலே நின்றன. நாக்குகள் எதையோ சுற்றிக் குழலாக வளைந்திருந்தன. அந்த ஈரமான, சீரான சப்பும் ஓசை.

அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே எதுவும் இல்லை.

ரீத்தா முழங்காலிட்டாள். இப்போது நினைத்தாலும் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளால் சொல்ல முடியாது. கையை நீட்டி, அந்த வெற்றிடத்துக்குள் விட்டாள். சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் போர்வைக்குள் கை விட்டதுபோல் ஈரமான சூடு. அந்தச் சூடு ஏறி இறங்கியது. ஏறும்போது இழுப்பு. பிறகு நிறுத்தம். இறங்கும்போது செருமல்.

கையைப் பறித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இயேசுவின் இருதயப் படத்துக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோனது. பின்வாசல் வழியாக ஓடி, வாய்க்காலோரம் வாழைக்கு அடியில், மோச்சியைப் புதைத்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். ஷர்மைன் வைத்த அரளிப்பூ வாடிக் கிடந்தது. மண் அவள் மண்வெட்டியால் தட்டிவிட்டபடியே இருந்தது. யாரும் கிளறவில்லை. எதுவும் வெளியே வரவில்லை.

யாரிடமும் அவள் சொல்லாத ஒன்று இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே நீல நூல் தையல் ஓரம் பிரிந்து சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. கிளினிக்குக்குக் கொண்டுபோனால் மருந்து போடுவார்கள், பால் கொடுக்கக்கூடாது என்பார்கள், அங்கேயே வைத்துக்கொள்வார்கள். முதல் வாரத் தாய்ப்பால் இல்லாமல் குட்டிகள் பிழைப்பது கடினம். இன்னும் ஒரே ஒரு நாள் என்று நினைத்தாள். மோச்சி தரையில் பக்கவாட்டில் கிடந்து, நாக்கு நீலமாகி, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டிருந்தாள். ரீத்தா ஐந்து குட்டிகளையும் எடுத்து அவள் காம்புகளில் பொருத்திவிட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது மோச்சியின் கண் திறந்திருந்தது, அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. குட்டிகள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தன. உடம்பு முழுதும் ஆறியிருக்கவில்லை. காம்பை அழுத்தினால் இன்னும் பால் வந்தது.

ரீத்தா கதவைச் சாத்திவிட்டுப் போய்க் காப்பி கலந்து குடித்தாள். இருக்கிறதைக் குடித்து முடிக்கட்டும் என்று விட்டாள். அரை மணி நேரம்.

அதன் பிறகுதான் ஷர்மைனை எழுப்பி, மோச்சி போய்விட்டாள் என்று சொன்னாள்.

பயத்துக்கும் மனுஷி பழகிப்போகிறாள். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். குட்டிகள் கொழுத்தன. புட்டி கலக்க வேண்டியதில்லை, வயிற்றைத் துடைத்துவிட வேண்டியதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஐந்தும் நக்கிச் சுத்தம் செய்யப்பட்டு, ரோமம் ஒரே பக்கமாகப் படிந்து பளபளத்துக் கிடந்தன. ரீத்தா இரவு முழுக்கத் தூங்கினாள். ஸ்டோர் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். ஷர்மைனை முன்னறையிலேயே இருக்கச் சொன்னாள். மற்றபடி அந்த மூச்சு அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் சுகுமாறன் கூப்பிட்டார்.

"அக்கா, தையல் பாக்க மோச்சியக் கொண்டு வரலியே? எப்படி இருக்கா?"

"பரவால்ல டாக்டர். இந்த ஜெரெபுல எங்க கிளம்புறது. புகை கலையட்டும்னு பாக்குறேன்."

"குட்டிங்களுக்குப் பால் குடுக்குறாளா?"

ரீத்தா மூடிய ஸ்டோர் கதவைப் பார்த்தாள். உள்ளே அந்தச் சப்பும் ஓசை.

"குடுக்குறா" என்றாள். "நல்லா குடுக்குறா."

எட்டாம் நாள் குட்டிகளை எடை போட்டுவிட்டு, மனதில் எழுந்த நிம்மதியில், வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சுவரோரம் பார்த்து, செல்லமாக, பழைய வழக்கத்தில். "தேங்க்ஸ்டி மோச்சி. நல்ல பிள்ள."

இழுப்பு பாதியில் நின்றது.

நிறுத்தம். வழக்கமாக மூன்று எண்ணுவதற்குள் செருமல் வரும். ரீத்தா மூன்று எண்ணினாள். ஐந்து. எட்டு. குட்டிகள் சப்புவதை விட்டுவிட்டு அசையாமல் கிடந்தன. பதினொன்று. இதுவரை அந்த மூச்சு தன் வேலையில் தன்பாட்டுக்கு இருந்தது. இப்போது அது இருக்கும் திசை மாறியதை, ஒரு பெரிய கனமான தலை தரையிலிருந்து எழுந்து தன் பக்கம் திரும்பியதை, அவள் தோலில் உணர்ந்தாள். முகத்தில் வெப்பமாக ஒரு காற்று பட்டது. சீழ் நாற்றம்.

அவள் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து குட்டிகளின் வாயோரம் நிறம் மாறியது. முதலில் வெள்ளையில் ஒரு மங்கல் சிவப்பு. பிறகு இளஞ்சிவப்பு. தரையில் வரிசை படுக்கும் இடத்தில் ஓர் ஈரத்தடம். ரீத்தா துடைத்த துணியில் ஒட்டியது பால் இல்லை. வீடு முழுதும் அந்த நாற்றம் நின்றது. சாம்பிராணி போட்டாள். புகையோடு புகையாக அது போனது, நாற்றம் போகவில்லை. ஒன்றும் தின்னாத உடம்பிலிருந்து எத்தனை நாளைக்குத்தான் பால் வரும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பை அதற்குமேல் போகவிடவில்லை.

பத்தாம் நாள் முற்பகல். குட்டிகளுக்குக் கண் திறக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவது குட்டியின் உதட்டில் ஒரு நூல் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். நீல நிறம். நைலான்போல் வழுவழுப்பு. துணியிலிருந்து பிரிந்ததாக இருக்கும், விழுங்கிவிடப் போகிறது என்று நுனியைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது. இன்னும் வந்தது. குட்டியின் வாயிலிருந்து முழுதாக வெளியே வந்த பிறகும் நூல் தொங்கவில்லை. விறைப்பாக நின்றது. அவள் விரலுக்கும் சுவரோரத்துக்கும் நடுவே, காற்றில், நேர்கோடாக. மறுமுனை எதிலோ மாட்டியிருந்தது. அவள் இழுத்த இழுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று மெதுவாகப் பிரிந்தது.

கீழே, தரை மட்டத்தில், ஒரு முனகல்.

ரீத்தா நூலை விட்டாள். அது சுருண்டு சுவரோரம் போய் மறைந்தது.

யுகேந்திரனுக்குப் போன் போட்டாள். ஜொகூர் ஜெயாவில் நாய் வாங்கி விற்பவன். அவளிடம் மூன்று பிரசவத்துக் குட்டிகளையும் வாங்கிப்போனவன்.

"அலமாக், கண்ணே இப்பத்தான தொறக்குதுன்றீங்க? ரெண்டு மாசமாவது ஆகட்டும்லா அக்கா."

"இப்பவே எடுத்துக்க தம்பி. என்னால முடியல. சும்மாவே குடுக்குறேன்."

"சரி. எங்கிட்ட ஒருத்தி குட்டி போட்டிருக்கா. அவகிட்ட விட்டுப் பாக்குறேன். கொண்டாங்க."

ரீத்தா ஐந்தையும் கூடையில் போட்டு, மேலே துணி மூடினாள். மூச்சு அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. ஸ்டோரிலிருந்து சமையலறைக்கு. சமையலறையிலிருந்து கூடத்துக்கு. தரையில் நகங்கள் வழுக்கி வழுக்கி, எழ முடியாத ஒன்று இழுபட்டு வரும் சத்தம். வரட்டும் என்று நினைத்தாள். குட்டி போகிற இடத்துக்குத் தாய் போகும். காரில் ஏறட்டும். அங்கேயே இறங்கிக்கொள்ளட்டும். அதனால்தான் மகளைக் காரில் ஏற்றவில்லை.

"கதவ உள்ள பூட்டிக்க. உன் ரூம்லயே இரு. அம்மா ஒரு மணி நேரத்துல வந்துருவேன். யாரு கூப்பிட்டாலும் வெளிய வராத, என்ன?"

"குட்டிங்கள எங்கம்மா கொண்டு போறீங்க?"

"டாக்டர்கிட்ட."

சாலையில் பகல் பழுப்பாக இருந்தது. வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு, சின்ன மஞ்சள் புள்ளிகளாக வந்து, பெரிதாகி, மறைந்தன. ரீத்தா ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். பின்சீட்டில் குட்டிகள் கத்தின. வீட்டில் இத்தனை நாளும் கத்தாத குட்டிகள், மெல்லிய ஊசிக் குரலில், நிறுத்தாமல் கத்தின. அவை கத்தியதில் வேறெதுவும் கேட்கவில்லை.

யுகேந்திரன் துணியை விலக்கிப் பார்த்தான். "நல்ல சைஸு அக்கா! தாய்ப்பால் குடிச்ச குட்டின்னு பாத்தாலே தெரியுது. ஏன் இப்படிக் கத்துதுங்க?" ஒன்றைத் தூக்கினான். அது தலையை இங்கும் அங்கும் ஆட்டி, வாயைத் திறந்து திறந்து தேடியது. "அம்மாவத் தேடுதுங்க பாவம். அம்மா கூட வரலியா?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். ரீத்தா சிரிக்க முயன்றாள். காருக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்தாள்.

அமைதி.

தன் மூச்சு மட்டும். அவள் அதை அடக்கிக்கொண்டு கேட்டாள். பின்சீட்டில் எதுவும் இல்லை. காலடியில் எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் முதல்முறையாக, அந்த ஓசை இல்லாத ஓரிடம். கண்ணில் நீர் வந்தது. விட்டது, விட்டது என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள்.

பிறகுதான் அந்த அமைதி அவளுக்கு உறைத்தது. யுகேந்திரனின் கூடத்தில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. தேடிக்கொண்டிருந்தன. அங்கேயும் அது இல்லை.

அது காரில் ஏறவே இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள். ஆறு முறை அடித்தது. ஏழாவதில் எடுத்தாள்.

"ஷர்மைன்?"

"அம்மா." தூக்கக் குரல்.

"எங்க இருக்க? ரூம்லயா?"

"மோச்சி அழுவுறாம்மா. வீடு பூரா தேடிட்டா. எல்லா ரூம்லயும்."

"கண்ணு, அம்மா சொல்றதக் கேளு. முன்கதவத் தொறந்து வெளிய ஓடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டப் போ. இப்பவே."

"குட்டி யாருமே இல்லம்மா அவளுக்கு." குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. "அவ நெஞ்செல்லாம் கல்லு மாதிரி இருக்கு. வலிக்குது அவளுக்கு. நான் பக்கத்துல படுத்தா நிறுத்திடுறா."

"ஷர்மைன்! வெளிய ஓடு!"

போன் தரையில் வைக்கப்படும் சத்தம். துணி உரசும் சத்தம். பிறகு, மிக அருகில், வாயருகே வைத்ததுபோல்: இழுப்பு. நிறுத்தம். செருமல்.

திரும்பி ஓட்டியது அவளுக்கு நினைவில்லை. ஹாரன்கள். யாரோ திட்டினார்கள். சிவப்பு விளக்கு ஒன்று. இரண்டு. போனை மடியில் போட்டிருந்தாள். அது இன்னும் துண்டிக்கப்படவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். நடுவே இன்னோர் ஓசையும் கேட்கத் தொடங்கியது. ஈரமான ஓசை. சின்னது.

வீடு. முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி துவாரத்தில் ஏறவில்லை. ஏறியது. மகளின் அறை காலி. கட்டிலில் வண்ணப் பென்சில்கள். கூடத்துத் தரையில் நகக் கீறல்கள். சமையலறை. ஸ்டோர் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது.

சிவப்பு விளக்கு.

ஷர்மைன் தரையில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். முழங்கால்கள் நெஞ்சோடு மடங்கியிருந்தன. முகம் சுவர்ப் பக்கம். கண் மூடியிருந்தது. உதடுகள் குவிந்தன, தளர்ந்தன, குவிந்தன. தொண்டை ஏறி இறங்கியது. வாயோரத்திலிருந்து கழுத்துவரை இளஞ்சிவப்பாக ஒரு கோடு வடிந்திருந்தது. இரண்டு கைகளும் காற்றை மெல்லப் பிசைந்துகொண்டிருந்தன.

அவள் தலைமுடி நனைந்து மண்டையோடு படிந்திருந்தது. ரீத்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதோரத்து முடிக் கற்றை ஒன்று தானாக எழுந்து, பின்னோக்கி வளைந்து, ஈரத்தோடு படிந்தது. பக்கத்தில் இன்னொன்று. நாலு விரல் அகலம். மெதுவாக. பொறுமையாக.

"ஷர்மைன்" என்றாள். ஓரடி எடுத்து வைத்தாள்.

நக்குவது நின்றது.

அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். இதுவரை ரீத்தாவை நோக்கி மோச்சி ஒருநாளும் உறுமியதில்லை.

இன்னோர் அடி.

குழந்தையின் பின்கழுத்துத் தோல் மடிந்தது. கொத்தாகக் குவிந்து, இறுகி, மேலே இழுபட்டது. தலை தரையைவிட்டு எழுந்தது, கைகால்கள் துவண்டன, கண் திறக்கவில்லை, உதடுகள் மட்டும் எதையோ தேடிக் காற்றில் குவிந்துகொண்டே இருந்தன. தூங்கும் தன் மகள் பின்கழுத்தில் தொங்கியபடி, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு சாணாக, அவளைவிட்டு விலகிச் சுவரோரத்து இருட்டுக்குள் போவதை ரீத்தா பார்த்தாள்.